இந்த முறை ஊருக்குப் போகவில்லை

கோடை விடுமுறை என்றால் தில்லித் தமிழர்களாகிய நமக்கு ஒரே அர்த்தம்தான். ஊர்! தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, ஒரு பகல். கையில் புளியோதரைப் பொட்டலம். சென்ட்ரலில் இறங்கி எழும்பூருக்கு ஓடி, கும்பகோணத்துக்கு இன்னொரு ரயில். பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

2024 மே மாதம் அதை மாற்றினோம். பிள்ளைகள் ஒரு பக்கம் நச்சரித்தார்கள் என்றாலும், முடிவு செய்ய வைத்தது என் மனைவி சொன்ன ஒரு வார்த்தை: "உங்களுக்கு அது லீவு. எனக்கு அது இன்னொரு அடுப்படி." பதினெட்டு வருஷமாக எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. ஆறு நாள் சிங்கப்பூர் என்று தீர்மானமாயிற்று.

அம்மாவிடம் சொல்வதுதான் பெரும்பாடு. போனில் ஒரு கணம் மௌனம். "போயிட்டு வாங்க தம்பி. புள்ளைங்களும் நாலு எடம் பாக்கணும்ல" என்றார். வைக்கும்போது மெதுவாக, "மாங்காதான் இந்த வருசம் நெறையக் காச்சிருக்கு" என்றார். அந்த மாங்காய் விமானத்திலும் என் கூடவே வந்தது!

சிங்கப்பூரில் எங்களை வியக்க வைத்தவை வானுயர்ந்த கட்டடங்கள் அல்ல. அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. சௌத் பிரிட்ஜ் சாலையில் நாராயண பிள்ளை 1827-ல் நிறுவிய மாரியம்மன் கோயில் இன்றும் கோபுரத்தோடு நிற்கிறது. கோ. சாரங்கபாணி 1935-ல் தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வெளிவருகிறது.

சிராங்கூன் சாலைக் கடையொன்றில் மீதிச் சில்லறை வாங்கிய என் மகள், நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தியில் விடுகதை போடுகிற பெண். தமிழ் எழுத்து என்றால் ஓடி ஒளிவாள். "சி...ங்...க...ப்...பூ...ர்" என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்பா, காசுல நம்ம பாஷை!" என்று கூவினாள்.

அன்றிரவு அவளே அப்பாயிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அம்மா சிரித்தார். "அப்ப நான் வந்தாக்கூடத் தொலைஞ்சு போக மாட்டேன்."

விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. தில்லியிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். திருச்சியிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது. நாலு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். எங்கள் கிராமத்திலிருந்து திருச்சி ஒன்றும் தொலைவில்லை. முதலில் ஊருக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கிருந்தே கிளம்பியிருக்கலாம்! ஊரா, வெளிநாடா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

2025 பொங்கலுக்கு ஊர் போனபோது அம்மாவின் பாஸ்போர்ட் வேலையைத் தொடங்கினோம். "எனக்குப் பொறந்த தேதிக் காயிதமே கெடையாதே" என்று தயங்கினார். 1-10-2023க்கு முன் பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழ்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. பான் கார்டு போன்றவையும் போதும். சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். அறுபது வயது தாண்டியவர்களுக்கு அதில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. சிங்கப்பூர் விசாவை அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் வாங்கலாம். கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி, முகவர் கூலி தனி. ஊரில் பெற்றோர் உள்ள அன்பர்களுக்கு இது பயன்படட்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

அந்தப் பயணத்தில் இன்னொரு மாற்றமும் செய்தோம். ஊரில் தங்கிய நாட்களில் காலைப் பலகாரம் என் பொறுப்பு. என் உப்புமாவைப் பார்த்து ஊரே சிரித்தது. மனைவி திண்ணையில் உட்கார்ந்து நிம்மதியாகக் காபி குடித்தாள்.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் புகைப்படம் எடுத்துவிட்டு வெளியே வந்த அம்மா, "சிரிக்கக் கூடாதாமே தம்பி" என்று குறைப்பட்டுக்கொண்டார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஏதோ நினைத்தவராய்ச் சொன்னார்:

"எங்க வேணாலும் கூட்டிட்டுப் போ, வர்றேன். மே மாசத்துல மட்டும் வேணாம். மாங்கா இருக்கும். அப்ப நீங்கதான் இங்க வரணும்."