உங்களுக்குத் தெரியுமா? – எலி பயப்படும் விதம்

● 'பீப்' ஒலி. உடனே காலில் லேசான ஷாக். சில தடவை இப்படிச் செய்தால், பிறகு ஒலி கேட்டாலே எலி அசையாமல் உறைந்துவிடும். பயத்தைக் கற்றுக்கொண்டதற்கு அதுவே அடையாளம்.

● பயம் பதிவதோடு தொடர்புள்ள எஃப்எம்ஆர்1 மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான்; அதிலுள்ள இந்த மரபணு முடங்கினால் மாற்றுப் பிரதி கிடையாது. அதனால் இந்த முடக்கத்தால் வரும் 'ஃபிராஜைல் எக்ஸ்' எனும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு பெரும்பாலும் ஆண்களையே கடுமையாகத் தாக்கும்.

● இந்த மரபணு நீக்கிய சுண்டெலிகளில், பயத்தைப் பதிக்கும் மூளைப்பகுதியான அமிக்டலாவின் நரம்பு இணைப்புகள் பலவீனமாக இருப்பதை பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் (என்சிபிஎஸ்) சுமந்திர சட்டர்ஜி குழு 2010-இல் காட்டியது. ஒரு மருந்தால் அந்தக் குறை ஓரளவு சரியானது.

● ஒலி கேட்டு எலி உறையாவிட்டால் பயமில்லை என்று அர்த்தமல்ல! பாஸ்டன் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வில், மரபணு மாற்றமில்லாத பெண் எலிகளில் சில, ஒலி கேட்டதும் பாய்ந்து ஓடின. ஆண் எலிகளில் இது அபூர்வம்.