கரண்ட் கொஞ்சம், வெந்நீர் நிறைய!

ஞாயிற்றுக்கிழமையானால் மாமல்லபுரத்துக்கு பைக்கை விரட்டும் ஆபீஸ் சிங்கங்களே! கடற்கரைக் கோயிலைப் பார்த்தீர்கள். மீன் வறுவலும் பரோட்டாவும் ஆர்டர் செய்து, பாதியைத் தட்டிலேயே விட்டு எழுந்தீர்கள். அந்தப் பாதி என்னாச்சு?

நான் பி.காம். எதையும் வரவு-செலவாகவே பார்த்துப் பழக்கம். ஒரு டன் சாப்பாட்டுக் கழிவைக் காற்றுப் புகாத தொட்டியில் கரைத்து ஊற்றினால், பாக்டீரியாக்கள் போனஸ் கேட்காமல் உழைத்துச் சுமார் 100 கன மீட்டர் வாயு தரும். சின்ன என்ஜினில் விட்டால் கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட். ஆக, 150 யூனிட் கரண்ட். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் 1,350 ரூபாய். குப்பை வண்டி, பிரிக்கும் ஆட்கள், என்ஜின் ஆயில் எல்லாம் கழித்தால்... உதட்டைப் பிதுக்க வேண்டியதுதான்.

ஆனால் வரவில் ஒரு அயிட்டம் விட்டுப் போச்சு. சின்ன என்ஜினில் வாயுவின் சக்தியில் கால் பங்குதான் கரண்டாகிறது. மீதி? சைலன்சரில் கால் சுட்டுக்கொண்டவரைக் கேளுங்கள். ஜெர்மனியில் அந்தச் சூட்டைத் தண்ணீரில் பிடித்துக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பிக் குளிர் போக்குகிறார்கள். கத்திரி வெயிலில் செங்கல்பட்டு ஜனங்களிடம் போய் 'சூடு வேணுமா?' என்றால் அடிக்க வருவார்கள், வாஸ்தவம்தான். ஓட்டல்காரர் அடிக்க மாட்டார். ஒரு டன் கழிவில் பிடிக்கக்கூடிய சூடு, ஏறக்குறைய ஒரு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டருக்குச் சமம். எண்ணெய்ப் பாத்திரம் கழுவ, ரிசார்ட்டில் போர்வை துவைக்க, வெந்நீர் வேண்டாமா?

விஷயம் புதுசும் இல்லை. பம்பாய் மாட்டுங்கா தொழுநோயாளர் இல்லத்தில் 1907-லேயே கழிவு வாயுவில் என்ஜின் ஓட்டினார்கள்.

அப்புறம் ஏன் ஊருக்கு ஊர் இல்லை? கோயம்பேட்டைப் பாருங்கள். குடிநீர் வாரியத்தின் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்தில் வாயு என்ஜின் வைத்துக் கரண்ட் எடுத்தார்கள். பெருங்குடியிலும் அப்படியே. அதே கோயம்பேடு மார்க்கெட்டில், தினம் 30 டன் காய்கறிக் கழிவுக்கென்று 2005-ல் வந்த நிலையமோ, பிற்பாடு வருஷக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. என் கணக்கு இதுதான்: சாக்கடை தானாகக் குழாயில் வந்துவிடும். காய்கறிக் கழிவை வாழை நார், சணல், பாலிதீன் கவரிலிருந்து யாராவது பிரித்துத் தரணும். தொட்டிக்கு நாரும் கவரும் ஆகாது. என்ஜினுக்கோ அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகாது. இரும்புத் தூள் வடிகட்டியில் பிடிக்காவிட்டால் ஆயிலில் அமிலமாகி பேரிங்கைத் தின்றுவிடும்.

மாமல்லபுரத்தில் 'ஹேண்ட் இன் ஹேண்ட்' தொண்டு நிறுவனம் வீடு வீடாக, ஓட்டல் ஓட்டலாகக் குப்பையைப் பிரித்தே வாங்கியது. அந்த உணவுக் கழிவில்தான் வாயுவும் கரண்டும் எடுத்தார்கள். பல்குச்சியையும் ஊறுகாய் பாக்கெட்டையும் இலைக்குள் மடித்து வைத்துவிட்டு வருகிறோமே, அதைப் பிரித்து எடுப்பது மெஷின் இல்லை சார். கையுறை போட்ட ஒரு அம்மா!