காலையில் 900, மாலையில் 1,000! வியாபாரியின் மடியை அறுக்கும் நாள் வட்டி

வடமதுரை: பொழுது விடியுமுன் 900 ரூபாய் கைக்கு வரும். பொழுது சாய்ந்ததும் அதை 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்திரம் கிடையாது. ஜாமீன் கிடையாது. கையெழுத்துகூடக் கிடையாது. "நூறு ரூபாய்தானே, போனா போகுது" என்று கொடுத்துவிட்டு, வியாபாரி கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

அந்த "நூறு ரூபாய்தானே" என்ற பேச்சில்தான் கொள்ளையே நடக்கிறது!

மாதத்துக்கு 25 நாள் வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 2,500 ரூபாய். வருஷத்துக்கு 300 நாள் என்றால் 30 ஆயிரம் ரூபாய். வாங்கிய முதல் எவ்வளவு? வெறும் 900. முப்பதாயிரம் கட்டிய பிறகாவது அந்தக் கடன் தீர்ந்ததா என்றால் இல்லை. மறுநாள் காலையில் மறுபடியும் கை நீட்டியாக வேண்டும்.

விடியற்காலை பஸ் ஏறி திண்டுக்கல் மார்க்கெட்டில் சரக்கு எடுத்து வந்து, திருச்சி ரோட்டு ஓரத்தில் கடை விரிக்கும் காய்கறிக்காரருக்கும், பூக்கட்டி விற்கும் அம்மாவுக்கும் கையில் ரொக்கம் இருந்தால்தான் அன்றைய பிழைப்பு. ஆடி மாதம் சவுந்தரராஜ பெருமாள் கோவில் திருவிழா வந்துவிட்டால் சரக்கும் கூட வேண்டும், கடனும் கூட வேண்டும். இந்த அவசரம்தான் நாள் வட்டிக்காரரின் மூலதனம்.

சென்னையில் நடந்த ஆராய்ச்சி

இது ஏதோ ஒரு ஊர் சங்கதி அல்ல. சென்னையில் தெருவில் பழம் விற்பவர்கள் வாங்கும் கடனைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ என்ற இரு பொருளாதார நிபுணர்கள் 2011-ல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார்கள். 2019-ல் நோபல் பரிசு பெற்றவர்கள் இவர்கள். அந்த வியாபாரிகள் கொடுத்த வட்டி நாள் ஒன்றுக்கு சராசரியாக 4.69 சதவீதம். வருஷத்துக்கு அல்ல, நாளுக்கு!

900 வாங்கி 1,000 கொடுப்பவரோ நாளுக்கு 11 சதவீதம் கட்டுகிறார்.

தண்டல் மட்டும் யோக்கியமா?

"நமக்கு அந்தக் கதையே வேண்டாம்ப்பா, நாம தண்டல்தான் வாங்குறோம்" என்பார் கடைக்காரர். 10 ஆயிரம் தண்டல் என்றால் பல இடங்களில் கைக்கு வருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "பத்தாயிரத்துக்கு 1,500 வட்டி, அப்படின்னா 15 பர்சென்ட்தானே?" என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

தப்பு! அந்த 8,500 ரூபாய் நூறு நாளும் உங்கள் கையில் இல்லை. முதல் நாளில் இருந்தே 100, 100 ஆகத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. நூறு நாளுக்கும் சராசரி போட்டால் உங்களிடம் இருந்த கடன் சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு 1,500 ரூபாய் வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் சுமார் 10 ரூபாய். வருஷத்துக்கு 120 சதவீதம்!

இதே 8,500 ரூபாயை நகையை வைத்து, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் வாங்கியிருந்தால், 100 நாளைக்கு வட்டி சுமார் 280 ரூபாய். அங்கே 1,500, இங்கே 280. "நகையை அடகு வைக்கிறதா, நாலு பேரு என்ன நினைப்பாங்க?" என்ற கூச்சத்துக்கு விலை 1,220 ரூபாய்.

லண்டனிலும் இதே கதை

வெள்ளைக்காரன் ஊரிலும் சம்பளத்துக்கு முந்தின வாரம் கைமாற்று வாங்குகிற குடும்பங்கள் உண்டு. 'வொங்கா' என்ற கம்பெனி அவர்களுக்கு நொடியில் கடன் தருகிறோம் என்று விளம்பரம் செய்தது. அதன் வட்டியை ஆண்டுக் கணக்கில் போட்டபோது 5,853 சதவீதம் வந்தது!

அங்கே நிதித்துறையைக் கண்காணிக்கும் ஆணையம் 2015 ஜனவரியில் கடிவாளம் போட்டது. நாளுக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் வசூலிக்கக் கூடாது. வட்டி, கட்டணம், அபராதம் எல்லாம் சேர்ந்து, வாங்கிய அசலை ஒருபோதும் தாண்டக் கூடாது. வொங்கா 2018 ஆகஸ்டில் திவாலானது.

அந்த அதிகபட்ச வட்டியை நம்மூர் 900 ரூபாய்க்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 7 ரூபாய் 20 காசு. இங்கே கட்டுவது 100 ரூபாய்!

20 ரூபாய் வைத்தியம்

இந்த வலையில் இருந்து வெளியே வர வழி இருக்கிறது. அதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

தினமும் 20 ரூபாயை உண்டியலில் போடுங்கள். 45 நாளில் 900 சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு கடனே தேவையில்லை. 100 ரூபாய் கொடுத்துப் பழகிய கைக்கு 45 நாள் மட்டும் 120 கொடுப்பது மலையைப் புரட்டுகிற வேலை அல்ல.

குறைத்து வாங்க முடிந்தால் இன்னும் சீக்கிரம். இன்று 20 ரூபாய் எடுத்து வைத்தால் நாளைக்கு 880 மட்டும் வாங்கலாம். வட்டியில் இரண்டு ரூபாய் மிச்சம். அந்த மிச்சத்தையும் சேர்த்து வைத்தால் மறுநாள் இன்னும் குறைவாக வாங்கினால் போதும். இப்படியே போனால் 17 நாளில் 900 ரூபாயும் சொந்தப் பணமாகிவிடும். இத்தனை நாளும் எதிராளிக்குக் குட்டி போட்ட வட்டி, இப்போது உங்களுக்குக் குட்டி போடுகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. சேர்ந்த பணம் சரக்கு வாங்க மட்டும்தான். வீட்டுச் செலவுக்கு அதில் கை வைத்தால் மறுநாள் காலையில் பழைய வாசலில்தான் நிற்க வேண்டும்.

வேறு எங்கே வாங்கலாம்?

தெருவோர வியாபாரிகளுக்காக 2020-ல் மத்திய அரசு 'பி.எம். ஸ்வநிதி' கடன் திட்டத்தைத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் இது 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டு, தொகையும் உயர்த்தப்பட்டது. முதல் தடவை 15 ஆயிரம், ஒழுங்காகக் கட்டினால் இரண்டாம் தடவை 25 ஆயிரம், மூன்றாம் தடவை 50 ஆயிரம். ஜாமீன் தேவையில்லை. தவணை தவறாதவருக்கு வட்டியில் 7 சதவீதம் மானியமும் உண்டு. வியாபாரி என்பதற்கான அடையாள அட்டை அல்லது பரிந்துரைக் கடிதத்துக்கு உள்ளூர் பேரூராட்சி அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

நகைக்கடன் வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகளும் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட இவற்றை அமல்படுத்தக் கெடு 2026 ஏப்ரல் 1. இதன்படி இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். கடனை அடைத்த ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வந்தாக வேண்டும். கடன் கொடுத்தவர் தரப்பில் தாமதம் என்றால் நாளுக்கு 5 ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு!

குழுக் கடன் வாங்கும் பெண்களுக்கும் ஒரு செய்தி. காலை 9 மணிக்கு முன்போ, மாலை 6 மணிக்குப் பிறகோ வசூலுக்காகத் தொல்லை கொடுக்கக் கூடாது என்பது மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. ராத்திரி எட்டு மணிக்கு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, கட்டினாதான் எந்திரிப்பேன்" என்பவர் விதியை மீறுகிறார்.

மிரட்டினால்?

2003-ல் தமிழக அரசு கந்து வட்டித் தடைச் சட்டம் கொண்டு வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது இந்தச் சட்டம். அரசு நிர்ணயித்த அளவுக்கு மேல் இப்படி வட்டி வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, 30 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கடன் வாங்கியவர், அசலையும் நியாயமான வட்டியையும் நேராகக் கோர்ட்டில் கட்டி விடுதலை கேட்கவும் இதில் வழி உண்டு.

ஆனாலும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே, கந்து வட்டிக் கொடுமை என்று புகார் சொல்லி வந்த ஒரு தம்பதியும் அவர்களது இரண்டு பெண் குழந்தைகளும் பலியானதை நாடே பார்த்தது. 2022-ல் போலீசார் 'ஆபரேஷன் கந்துவட்டி' நடத்தினார்கள். 2025-ல் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க சட்டசபையில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. புகார் எழுதிக் கொடுக்கத்தான் ஆள் பயப்படுகிறது. பயத்துக்குக் காரணம், பெரும்பாலும் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட ஆதாரம் இல்லாததுதான்.

மறக்கக் கூடாதவை

வெற்றுச் செக், எழுதாத புரோ நோட்டு, ஏ.டி.எம். கார்டு, வீட்டுப் பத்திரம் இவற்றை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

தினம் கட்டும் பணத்தைத் தனி நோட்டில் தேதியோடு எழுதி, வாங்குபவரிடம் அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். 'ஜி பே'யில் அனுப்பினால் அந்தப் பதிவே சாட்சி.

பேங்கோ, பைனான்சோ, கடன் விவரம் முழுவதையும் உங்களுக்குப் புரிகிற மொழியில் ஒரே தாளில் தர வேண்டும். 2024 அக்டோபர் முதல் இது கட்டாயம். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி எவ்வளவு என்பது அந்தத் தாளில் இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவர்கள் மீது புகார் என்றால் முதலில் அவர்களிடமே எழுத்தில் கொடுங்கள். பலன் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் விவரம் கேட்கலாம். செல்போன் ஆப்பில் கடன் என்று ஏமாற்றினால் 1930. ஆள் வைத்து மிரட்டினால் நேராகப் போலீஸ் ஸ்டேஷன். புகார் கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

"மாசம் எவ்வளவு, தினம் எவ்வளவு" என்று மட்டும் கேட்டால் எந்த வட்டியும் சின்னதாகத்தான் தெரியும். அடுத்த தடவை கை நீட்டும் முன், "வருஷத்துக்கு எவ்வளவுண்ணே ஆகுது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் பணம் வாங்காதீர்கள்.