தோற்ற ஆட்டத்தைத் தூக்கி எறியாதீர்கள்

பள்ளியில் சதுரங்கக் கழக நேரம் முடிந்த ஒரு மாலை, படிவம் மூன்று மாணவர் ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "ஆயிரம் ஆட்டத்துக்கு மேல ஆடிட்டேன் சார். ஆனா புள்ளி ஏறவே மாட்டேங்குது. எனக்கு அந்த மூளை இல்ல போல."

ஆட்டங்களின் எண்ணிக்கை எனக்கு வியப்பாக இல்லை. அந்தக் கடைசி வாக்கியம்தான் உறுத்தியது. பதினைந்து வயதில் ஒருவர் தம் மூளையைப் பற்றி இப்படித் தீர்ப்பு எழுதிவிட்டால், அது சதுரங்கப் பலகையோடு நிற்காது. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் பரவிவிடும். அந்தத் தீர்ப்பு சரிதானா? வாருங்கள், பார்ப்போம்.

வல்லவர் எதைப் பார்க்கிறார்?

நெதர்லாந்து உளவியலாளர் அட்ரியான் டி குரூட் 1940களில் சதுரங்க வீரர்களின் சிந்தனையை ஆராய்ந்தார். அந்த ஆய்வை 1973இல் அமெரிக்காவின் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் ஆகிய இருவரும் மேலும் கொண்டு சென்றனர். உண்மையான ஓர் ஆட்டத்தின் நடுக்கட்டத்தை 5 விநாடிகள் மட்டும் காட்டிவிட்டு, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். வல்லவர் முதல் பார்வையிலேயே ஏறத்தாழ 16 காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் 4 காய்களைத்தான் வைத்தார்.

அடுத்து, காய்களைத் தாறுமாறாக இறைத்து வைத்துக் காட்டினார்கள். இப்போது வல்லவருக்கும் புதியவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வல்லவருக்குப் பிறவியிலேயே அசாத்திய நினைவாற்றல் இருந்தால், இரண்டாவது பலகையும் அவர் நினைவில் நின்றிருக்க வேண்டும் அல்லவா?

இதன் விளக்கம் எளியது. 'கோலாலம்பூர்' என்ற சொல்லை நீங்கள் எழுத்துக் கூட்டியா படிக்கிறீர்கள்? ஒரே பார்வையில் படித்துவிடுகிறீர்கள். அதே எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் தடுமாறுவீர்கள். வல்லவரும் காய்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. பழகிய தொகுதிகளாகப் பார்க்கிறார். அந்தத் தொகுதிகள் பிறப்பில் வந்தவை அல்ல, கற்றுச் சேர்த்தவை.

அப்படியென்றால் ஆயிரம் ஆட்டம் ஏன் போதவில்லை?

பழக்கம் நல்லதையும் பதிய வைக்கும், தவற்றையும் பதிய வைக்கும். மூன்று நிமிட ஆட்டத்தில் தோற்றதும் அடுத்த ஆட்டத்துக்கான பொத்தானை அழுத்திவிடுகிறோம். எங்கே தவறினோம் என்பது தெரியாமலே, அதே தவற்றை மறுபடியும் பயிற்சி செய்கிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிலாலிச், மெக்லியட், கோபெட் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், திறமையான வீரர்களுக்கு ஒரு புதிர் தரப்பட்டது. அதற்கு எல்லாருக்கும் பழக்கமான ஒரு தீர்வும் அதைவிடக் குறுகிய வேறொரு தீர்வும் இருந்தன. பழகிய தீர்வைக் கண்டவர்கள், "இதைவிட நல்லதைத் தேடுகிறோம்" என்றார்கள். ஆனால், அவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்த கருவி வேறு கதை சொன்னது. பழகிய தீர்வுக்குரிய கட்டங்களையே அவர்களின் கண்கள் சுற்றிச் சுற்றி வந்தன. நாம் தேடிவிட்டதாக நினைப்பது வேறு, உண்மையில் தேடுவது வேறு. இதனால்தான் எழுதி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

வேக ஆட்டங்களைக் குறைத்து, வாரத்துக்கு இரண்டு நிதான ஆட்டங்கள் ஆடுங்கள். நகர்வுகளைப் பதிவுசெய்யுங்கள். பிறகு இப்படிச் செய்து பாருங்கள்:

1. கணினியைத் திறக்குமுன் எழுதுங்கள். எந்த நகர்வில் குழம்பினீர்கள்? அப்போது என்ன நினைத்தீர்கள்? எதைக் கண்டு பயந்தீர்கள்? விடையைப் பார்த்த பிறகு, "இது எனக்கு முன்பே தெரியும்" என்று மனம் நம்மை ஏமாற்றும். உளவியலில் இதைப் பின்னறிவுச் சாய்வு என்பார்கள். அதனால் முதலில் உங்கள் எண்ணம், பிறகு கணினி.

2. அதன் பிறகு ஸ்டாக்ஃபிஷ் போன்ற மென்பொருளிடம் காட்டுங்கள். சிறந்த நகர்வு எது என்று அது சொல்லும். அதை நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்று அது சொல்லாது. அந்தக் காரணத்தை நீங்களே ஒரு வரியில் எழுதுங்கள்.

3. பத்து ஆட்டங்கள் சேர்ந்ததும் காரணங்களை வகைப்படுத்தி எண்ணுங்கள். எதிராளியின் மிரட்டலைக் கவனிக்கவில்லையா? நேரம் போதவில்லையா? முதலில் தோன்றிய நல்ல நகர்வோடு நின்றுவிட்டீர்களா?

4. அதிகம் வரும் ஒரே ஒரு தவற்றுக்கு ஒரே ஒரு கேள்வியை உருவாக்குங்கள். காயைத் தொடுமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. தவறிய நிலையை ஓர் அட்டையில் வரைந்து, ஒரு வாரம் கழித்து விடையைப் பார்க்காமல் மறுபடி தீர்த்துப் பாருங்கள். திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து மீட்டெடுப்பதே ஆழமாகப் பதியும்.

உலக வெற்றியாளரும் தவறுவார்

2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரின் செந்தோசாவில் உலகச் சதுரங்கப் போட்டியின் 14ஆவது ஆட்டம். அப்போதைய உலக வெற்றியாளர் டிங் லிரென் தம் 55ஆவது நகர்வில் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். அந்த ஒரு நகர்வில் பட்டம் 18 வயது குகேஷின் கைக்கு வந்தது. அந்தத் தவறு தமக்கும் உடனே புலப்படவில்லை என்று குகேஷே பிறகு கூறினார். அதே போட்டியின் முதல் ஆட்டத்தில் குகேஷ் தோற்றிருந்தார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். தவறாமல் ஆடுபவர் எவரும் இல்லை.

இன்னொரு செய்தி. குகேஷுக்குத் தொடக்க ஆண்டுகளில் கணினி மென்பொருளைத் தவிர்த்தே பயிற்சி அளித்ததாக அவருடைய பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா கூறியிருக்கிறார். முதலில் தன் மூளையால் கணக்கிட்டுப் பழக வேண்டும் என்பதே நோக்கம்.

நம் மாணவர் என்ன ஆனார்? தோற்ற பன்னிரண்டு ஆட்டங்களை எழுதினார். அவற்றில் ஏழில் ஒரே காரணம். எதிராளியின் காயை வெட்டிய மகிழ்ச்சியில், அடுத்த நகர்வை யோசிக்காமல் ஆடியிருக்கிறார். இப்போது காயை வெட்டியதும் இரு கைகளையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொள்கிறார். "அவர் இப்ப என்ன செய்வார்?" என்று தமக்குள் கேட்டுவிட்டுத்தான் கையை எடுக்கிறார்.

இன்னும் தோற்கிறார். ஆனால் "மூளை இல்ல" என்ற பேச்சு நின்றுவிட்டது. "சார், இன்னிக்கு இருபத்தி மூணாவது நகர்வுல கோட்டை விட்டுட்டேன்" என்கிறார். முன்னது தீர்ப்பு, இது தகவல். தகவலை வைத்துத்தான் எதையும் திருத்த முடியும்.

இந்த வாரம் நீங்கள் தோற்ற ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சதுரங்கம் ஆடாதவரா? சிவப்பு மையோடு திரும்பி வந்த உங்கள் தேர்வுத்தாள் ஒன்றே போதும்.