ஒரே பாயில் நால்வர் படித்தோம்

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. யுத்தத்தால் இடம்பெயர்ந்து மாத்தளை இரத்தோட்டையில் குடியேறிய எங்களுக்கு மூன்று பிள்ளைகள். நானோ 18 மாத மருத்துவமாதுப் பயிற்சியின் நடுவில் இருந்தேன். கணவருக்குக் கூலிவேலையும் நின்றது.

"நான் தையல் வேலைக்குப் போறன் அம்மா" என்றாள் மூத்தவள். நான் சம்மதிக்கவில்லை.

இரவுச் சமையல் முடிந்ததும் நால்வரும் ஒரே பாயில் அமர்ந்தோம். பிறப்பு நிறை 2.5 கிலோவுக்குக் குறைந்தால் குறைநிறைக் குழந்தை என்ற என் பாடம் சின்னவளுக்குத் தசமக் கணக்கானது. 15 விநாடி நாடித்துடிப்பை எண்ணி, 4 ஆல் பெருக்கினான் நடுவிலவன். மூத்தவள் என் கொப்பியைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். அவளுக்கும் விஞ்ஞானம் மறக்கவில்லை.

பாடசாலை திறந்ததும் மூவரும் போனார்கள். நம் நாட்டில் 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். சகோதரிகளே, எந்த இடர் வந்தாலும் கொப்பியை மூட விடாதீர்கள். தினமும் அரைமணி நேரமாவது பிள்ளையின் பக்கத்தில் அமருங்கள்.