அரிவாள் காயமும் அறுந்த விரல் நாணும்

கதிர் அறுக்கும்போது இடக்கை தாளைப் பற்றுகிறது. வலக்கை அரிவாளை இழுக்கிறது. ஆகவே அரிவாள் நழுவினால் வெட்டுப்படுவது பெரும்பாலும் இடக்கை விரலே. சிறு காயந்தானே என்று மஞ்சள்தூள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வோர் பலர். காயம் ஆறிவிடும், ஆனால் விரல் மடங்காமற் போகலாம். இதன் காரணத்தை உழவர் பெருமக்கள் அறிந்திருப்பது அவசியம்.

விரல் மடங்கும் விதம்

விரலை மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில் உள்ளன. அவற்றிலிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் உள்ளங்கை வழியாக விரலுக்குச் செல்கின்றன. 'நரம்பு அறுந்துவிட்டது' என்று நாம் சொல்வது பல வேளைகளில் இந்த நாண்களையே. பெருவிரல் நீங்கலாக, ஒவ்வொரு விரலிலும் மடக்கு நாண்கள் இரண்டு. ஒன்று நடு மூட்டையும், மற்றொன்று நுனி மூட்டையும் மடக்குகின்றன. கிணற்றுக் கயிறு கப்பியில் ஓடுவதுபோல, இவை ஓர் உறைக்குள் வளையங்களின் பிடியில் ஓடுகின்றன. நாண் அறுந்தால் தசை அதன் மேல்முனையை உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொள்ளும். பின்னர் முனைகள் தாமாகச் சேர்வதில்லை.

கண்டறிதல்

விரலின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மெதுவாக மடக்கச் சொல்லவும். மடங்காவிடில் நாண் அறுந்திருக்கலாம். நுனி மரத்திருந்தால் உணர்வு நரம்பும் வெட்டுப்பட்டிருக்கலாம். இவ்விரண்டும் இல்லாவிடினும், ஆழமான வெட்டை மருத்துவரிடம் காட்டவும்.

முதலுதவி

சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்கவும். காப்பித்தூள், புகையிலை, சாணம் எதுவும் வைக்கலாகாது. விரலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுதல் கூடாது. மோதிரத்தைக் கழற்றிவிடவும். இரணஜன்னி தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்கவும்.

சிகிச்சை

சில நாட்களுக்குள் சென்றால் அறுந்த முனைகளை நேரே இணைத்துத் தைக்க இயலும். பல வாரங்கள் கடந்தால் தசை சுருங்கி, உறை தழும்பாகிவிடும். அந்நிலையில் இரு கட்ட அறுவை தேவைப்படலாம். முதலில் மெல்லிய சிலிக்கோன் தண்டு ஒன்றை விரலுக்குள் வைப்பர். சுமார் 3 மாதங்களில் அதைச் சுற்றிப் புதிய உறை உருவாகும். பின்னர் தண்டை எடுத்துவிட்டு, மணிக்கட்டிலிருந்தோ காலிலிருந்தோ எடுத்த நாணைப் பொருத்துவர். இம்முறையை அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹன்டர் 1971இல் விரிவாக வெளியிட்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவும் அதே ஆண்டில் தொடங்கியதே.

அறுவைக்குப் பின்

தையல் மட்டும் போதாது. விரலை அசைக்காமலே வைத்திருந்தால் நாண் ஒட்டிக்கொள்ளும். பளு தூக்கினால் தையல் அறுந்துவிடும். எனவே சுமார் 6 வாரங்கள் தாங்கு பட்டை அணிந்து, சொல்லித்தந்த பயிற்சியை மட்டும் செய்யவும். மண்வெட்டி பிடிப்பதற்குச் சுமார் 3 மாதங்கள் பொறுக்க வேண்டும்.

உடனே சென்றால் ஒரு போகத்து உழைப்போடு போகும். தாமதித்தால் இரண்டு அறுவைகளும், மேலும் பல மாதங்களும் ஆகும். அதன் பின்னரும் முழுப் பிடிப்புத் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. உங்கள் வயலில் அறுக்க வரும் ஆட்களுக்கும் இதனை எடுத்துக் கூறுங்கள்.