பழம்பாறையும் நிலப்படமும்

மலையினும் மூத்தது யாது என வினவின், மலையை ஆக்கிய பாறை என்பதே விடையாகும். ஆயின் பாறைகளுள் எது மூத்தது, எது இளையது என அறிவது எங்ஙனம்? கதிர்வீசும் மூலகங்கள் காலக்கணக்கைக் கூறும் என்பது மெய்யே. எனினும் ஆய்வுகூடத்துக்கு எக்கல்லைக் கொண்டு செல்வது, அங்கே கிடைத்த எண் எந்நிகழ்ச்சிக்கு உரியது என்பவற்றை நிலத்தில் நடந்து படம் வரைந்தோரே கூறவல்லர். இதனைக் கிறீன்லாந்தின் ஆய்வு வரலாறு நன்கு விளக்குதலின், ஈண்டு அதனைச் சுருங்க எடுத்துரைப்போம்.

பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். அதன் இளமைப் பருவத்துப் பாறைகளுட் பெரும்பாலானவை உருகியும் தேய்ந்தும் பூமியினுள் அமிழ்ந்தும் அழிந்துபோயின. எஞ்சிய சிலவும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறி, வெண்மையும் கருமையுமான வரிகள் பொருந்திய நைசுப் பாறைகளாய் நிற்கின்றன. பார்வைக்கு ஒரு தன்மையவாய்த் தோன்றும் இவற்றைக் கால முறைப்படி பிரித்தறிதல் அரிது.

இதற்கு எளிய விதியொன்று உண்டு. சுவரில் விழுந்த வெடிப்பு சுவரினும் இளையது. அவ்வெடிப்பில் அடைத்த சாந்து வெடிப்பினும் இளையது. அவ்வாறே பாறையிற் பிளவுண்டாகி, அதனூடே கற்குழம்பு ஏறி உறையின், சுவர் போன்ற கரிய குத்துத்தீப்பாறை தோன்றும். அது ஊடறுக்கும் பாறை அதனினும் மூத்தது. அதனையே ஊடறுத்து வரும் பாறை அதனினும் இளையது. ஜோன் சற்றன், ஜனற் வற்சன் என்னும் அறிஞர் இருவர் ஸ்கொத்லாந்தின் வடமேற்கில் இவ்விதியைக் கையாண்டு, ஒன்றுபோற் கிடந்த பழம்பாறைத் தொகுதியில் வெவ்வேறு பருவங்கள் உள என்பதை 1951இல் நிறுவினர்.

நியூசிலாந்தினரான விக் மக்கிறகர் 1960களில் மேற்குக் கிறீன்லாந்தின் நூக் நகரைச் சூழ்ந்த கடல் நுழைகழிகளின் கரைகளிற் படம் வரையத் தொடங்கினார். பனிக்கட்டியாறுகள் அரித்த அக்கரைகளில் மண்ணும் மரமும் பாறையை மறைப்பது குறைவு. ஒருவகை நைசிலே கரிய பட்டைகள் காணப்பட்டன. அவை நேரிய குத்துத்தீப்பாறைகளாய் இருந்து, பின்னர் இழுபட்டு, வளைந்து, துண்டுபட்டவை என அவர் உணர்ந்தார். மற்றொருவகை நைசிலே அப்பட்டைகள் இல்லை. ஆகவே பட்டையுள்ளது மூத்தது, பட்டையற்றது இளையது எனத் துணிந்து, தம் முடிவை 1968இல் வெளியிட்டார். அதுவரை எந்தக் கடிகாரமும் அவருக்குத் துணைநிற்கவில்லை என்பது கருதத்தக்கது.

பின்னர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீபன் மூர்பாத் முதலியோர் அவர் தெரிந்தெடுத்த கற்களை ஆராய்ந்தனர். மூத்த நைசின் வயது 360 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்பது 1971 தொடக்கம் வெளிவந்த அளவீடுகளால் உறுதியாயிற்று. அந்நாளில் அதனினும் பழைய பாறை பூமியில் அறியப்பட்டிலது. நிலப்படம் கூறிய மூப்பு முறையை ஆய்வுகூடம் மெய்ப்பித்தது.

இப்பாறைகள் கண்டங்களின் பிறப்பைப் பற்றிக் கூறுவது யாது? நூக்குக்கு வடகிழக்கே உள்ள இசுவாவில், ஏறத்தாழ 370 கோடி ஆண்டுக்கு முற்பட்ட எரிமலைப் பாறைகள் தலையணை வடிவிற் காணப்படுகின்றன. கற்குழம்பு நீரினுட் பாய்ந்து உறையும்போதே அவ்வடிவம் உண்டாகும். எனவே அன்றே நீர்நிலை இருந்தது. நீர் கலந்த கரிய எரிமலைப் பாறை ஆழத்தில் வெப்பமுற்று ஓரளவு உருகின், அடர்த்தி குறைந்த வேறொரு குழம்பு பிரிந்து மேலெழும்; தயிரைக் கடைய வெண்ணெய் திரள்வது போல என்க. அக்குழம்பு உறைந்த பாறை எளிதில் அமிழாது. கண்டங்களின் புவியோடு இவ்வாறு திரண்டமைக்கு மேற்கூறிய நரைநிற நைசுகள் சான்றாகும்.

வரைந்த படமும் திருத்தத்துக்கு உரியதே. அப்பகுதி வெவ்வேறிடங்களில் உருவாகிப் பின்னர் ஒன்றிணைந்த பல நிலத்துண்டுகளால் ஆனது என்பதை 1988இல் பிரென்ட், நற்மன் என்போருடன் சேர்ந்து மக்கிறகரே எடுத்துக்காட்டினார். தனியே நிற்கும் எண்ணும் மயக்கந் தரவல்லது. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜக் குன்றுகளில் 440 கோடி ஆண்டு வயதுடைய சிர்க்கோன் மணிகள் கிடைத்துள்ளன. அவற்றைத் தாங்கிய அடையற்பாறையோ மிகப் பிந்தியது. மணியின் வயதைப் பாறையின் வயதாகக் கொள்வோர் வழுப்படுவர்.

இவ்விரு வழிகளோடும் நம் தீவுக்குத் தொடர்புண்டு. இலங்கைக் கனிப்பொருளளவைப் பகுதியின் முதற் பணிப்பாளராய் விளங்கிய ஆனந்த குமாரசுவாமி 1904இற் கண்ட கதிர்வீசும் கனிப்பொருளே பின்னர்த் தோரியனைற்று எனப் பெயர்பெற்றது. அதில் ஈலியம் உண்டாகும் வேகத்தை அளந்து, அதன் குறைந்தபட்ச வயதை 1910இற் கணித்தார் ஸ்ரட் என்னும் அறிஞர். பாறைக் கடிகாரத்தின் தொடக்க முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

நம் நாட்டு நிலத்திற் பத்தில் ஒன்பது பங்களவு பழம்பாறையே. தெருவோர மலைவெட்டில் வெண்மையுங் கருமையுமாய் வரிபடர்ந்து நிற்கும் அதனை நம் மாணவர் அடுத்தமுறை காணுங்கால், சற்றே நின்று, எது எதனை ஊடறுக்கின்றது என நோக்குவாராக. அந்நோக்கிலேயே இக்கல்வி தொடங்குகின்றது.